மறதிக்கு ஒரு சந்தா

நான் எதைத் தேடுகிறேன் என்பதை யாரும் குறித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு தேடுபொறிக்குச் சந்தா கட்டிவருகிறேன். கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊர்க் கம்பெனி. விளம்பரம் கிடையாது. கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளாது, யாருக்கும் விற்காது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஊரே சும்மா தேடிக்கொண்டிருக்கும்போது இதற்குப் போய்க் காசா என்று என் கணவர் கேட்டார். நான் தட்டச்சு வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரியும் கேட்டாள்.

"அப்படி என்னத்தத்தான் தேடுதீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஆறு வருடம் ஓடினேன். அதனால் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்: கட்டிய காசுக்குப் பலன் உண்டா, இல்லையா.

மறைப்பதற்குக் காசு கொடுப்பது எனக்குப் புதிதில்லை. என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கையில், ஒரு காலை, அடுப்படியில் தண்ணீர் டம்ளரோடு விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. டம்ளர் உருண்டு கதவில் முட்டி நின்ற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவள் முகம் மட்டும் நினைவில் இல்லை, நான் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. மதுரையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை எழுதினார். தவறவிடாமல் போட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம் என்றார். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வரி மட்டும் என் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குத்தான் தினமும் வந்தது, கை கால் இழுக்காமல், வெளியே தெரியாமல்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு மெடிக்கல் இருக்கிறது. அங்கே மாத்திரையின் பெயரைக் கத்திச் சொல்லித்தான் உள்ளேயிருந்து எடுத்து வரச் சொல்வார்கள். அதனால் மாதம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சும்மாவே போய் வரலாம். ஆனால் அதில் ஏறினால் மில்லுக்குப் போகிறவர்கள், மம்சாபுரம் விலக்கில் இறங்குகிறவர்கள், பழைய வாத்திச்சி, மகளோடு படித்தவளின் அம்மா என்று நாலு முகமாவது தெரிந்த முகமாக இருக்கும். "எங்க இம்புட்டு தூரம்? யாருக்கு என்ன?" இரண்டு நிறுத்தத்துக்குள் கேட்டுவிடுவார்கள். ஆகவே மதுரை போகும் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, முன்பின் தெரியாத ஆட்களின் நடுவில் வாய் மூடி உட்கார்ந்து போனேன். சும்மா போகிற பஸ்ஸில் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். காசு கொடுத்த பஸ்ஸில் நடத்துநர் ஒருவரோடு போச்சு. சந்தா என்பதை அப்போதே கட்டத் தொடங்கிவிட்டேன். அதற்கு அந்தப் பெயர் தெரியாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மெடிக்கலில் என் வயதில் ஒரு பெண் நிற்பாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். யாருக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எவ்வளவு பாந்தமான பெண் என்று நினைத்துக்கொள்வேன். அவள் ஏன் கேட்க வேண்டும்? நான் நீட்டும் சீட்டில் என் மகளின் பெயரும் வயதும் டாக்டரின் கையெழுத்தும் இருந்தன. ஆறு வருடமாகத் தெரு மாற்றி, ஊர் மாற்றி, பஸ் மாற்றி ஒளித்ததை, மாதா மாதம் என் கையாலேயே எழுத்தாக நீட்டிக்கொண்டிருந்தேன். இது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு, வரன் வந்தது. அதே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து.

பையனுக்குச் சென்னையில் வேலை. என் மகளுக்கும் அங்கேதான்; மாத்திரையை நான்தான் வாங்கிப் பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. பேசி முடித்த கையோடு, அந்தச் சிரிப்பு மாறாமல் என்னை அழைப்பாள்.

"ம்மா, நான் அவங்ககிட்ட சொல்லிரட்டுமா?"

"செத்த பொறு. முதல்ல அவிய வந்து பாக்கட்டும். பொறவு சொல்லுவோம்."

"பொறவுன்னா எப்பம்மா? தாலி கட்டுன பொறவா?"

"வாய மூடு. எம்மேல சத்தியம் பண்ணு, நீயா சொல்லக் கூடாது."

பண்ணினாள். நான் மெடிக்கலைச் சேத்தூருக்கு மாற்றினேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் தேடல் ஆரம்பித்தது. கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில், பேண்டேஜ் உருளைகள் அடுக்கிய இடத்தில் நின்று, எல்லாரும் தேடும் அந்த இலவசத் தேடுபொறியில் தட்டுவேன். தமிழை ஆங்கில எழுத்தில், அதையும் தப்பும் தவறுமாக. வலிப்பு வந்த பொண்ணு கல்யாணம் பண்ணலாமா. பிட்ஸ் மாத்திரை மாசமா இருக்கும்போது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா. ஒரு மனுஷியிடமும் கேட்க முடியாததை அதனிடம் கேட்டேன். அது முகம் சுளிக்கவில்லை. என் பிழைகளைக்கூட அதுவே திருத்திப் புரிந்துகொண்டு வரிசையாகப் பதில் எடுத்து நீட்டியது. டாக்டர்கள் தமிழில் பேசும் வீடியோக்கள். சத்தத்தை அடைத்து, உதடுகளையும் கீழே ஓடும் எழுத்தையும் பார்ப்பேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நன்றியில் கண் கலங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் யாராவது ஒருவருடைய மின்னஞ்சல்தான். புது டிவி வந்த அன்று அதை மாட்ட வந்த ஆள், "ஒரு ஐடி சொல்லுங்க" என்றபோது, கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருந்ததோ அவர்களுடையதைச் சொன்னோம். ஞாபகம் இருந்தது எனக்கு. பிறகு அதை மறந்தே போனோம். கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தப் பெரிய கண்ணாடியும் என் உள்ளங்கையில் இருந்த சின்னக் கண்ணாடியும் அந்த ஒரே ஐடியால் ஒன்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. பூவும் பழமும், அவர்கள் ஊர்ப் பால்கோவாவும். பையனின் அம்மா வாசலிலேயே என்னை "மதினி" என்று முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டாள். ஒரு வார்த்தையில் நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"காப்பி பொறவு குடிச்சுக்கிடுதோம் மதினி. புள்ளைய உக்காரச் சொல்லுங்க, பரீட்சைக்கு நிக்க மாதிரி நிக்கா."

என் மகள் சிரித்தபடி காப்பி எடுக்க உள்ளே போனாள். பையனின் அப்பா என் கணவர் பக்கம் சாய்ந்தார். "மச்சான், ஸ்கோரு என்னாச்சுன்னு செத்த போடுங்களேன்."

"பாத்தீங்களா மதினி? மகனுக்குப் பொண்ணு பாக்க வந்தாவளா, மேட்சு பாக்க வந்தாவளா இவிய?"

எல்லாரும் சிரித்தோம். வரன் வரும் ஏற்பாட்டில் பல நாளாகப் போடாமல் கிடந்த டிவியை, என் கணவர் ரிமோட்டை எடுத்துப் போட்டார். முகப்பு விரிந்தது. மேல் வரிசை முழுக்க டாக்டர்கள். வலிப்பு உள்ள பெண் திருமணம் செய்யலாமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? வலிப்பு மாத்திரையும் கர்ப்பமும். எழுத்து ஒவ்வொன்றும் சுவரொட்டி எழுத்து போல் மஞ்சளும் சிவப்புமாக. நான் படிக்கட்டுக்கு அடியில் நின்று காதில் சொன்ன ரகசியம் அத்தனையும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

பதற்றத்தில் என் கணவர் எதையோ அமுக்கினார். நடுவில் இருந்த டாக்டர் வாயைத் திறந்தார். "வணக்கம். இன்னைக்கு நாம பேசப்போறது, நெறைய அம்மாமார் கேக்குற ஒரு கேள்வி..."

எழுந்து ஓடிப்போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தேன்.

பையனின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "யாருக்கு மதினி?"

குத்திக் கேட்கவில்லை. மெல்லத்தான் கேட்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க என்று நிற்பவளின் குரல் அது. எனக்கு அது அன்று கத்தியாகக் கேட்டது.

"எனக்குத்தான்" என்றேன்.

என் கணவர் தலையை ஆட்டினார். "ஆமா, அவளுக்குத்தான். சின்ன வயசுல இருந்து."

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைக்கத் தொடங்கியவள், வலிப்பு உள்ள பெண் கல்யாணம் பண்ணலாமா என்று எதற்காகத் தேடினாள்? அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்.

என் மகள் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. பையன் அவளைப் பார்த்தான். அவள் டம்ளர்களைப் பார்த்தாள். பையனின் அம்மா இன்னொரு தடவை, இந்தத் தடவை அவளிடம் கேட்டாள்.

"அம்மாவுக்கா தாயி?"

அந்த நேரத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பெற்றவளும் தகப்பனும் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் பொய்க்காரர்கள் ஆவார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன்.

"ம்" என்றாள்.

அவர்கள் காப்பி குடித்தார்கள். மழை பற்றிப் பேசினார்கள். போகும்போது பையனின் அம்மா, "வாரோங்க" என்றாள். அதில் 'மதினி' இல்லை. மூன்று நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். பையனுக்கு இப்போதைக்கு வேண்டாமாம். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பயந்திருப்பார்கள் என நாங்களே பேசிக்கொண்டோம்.

அதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே, என் மகள் பையை எடுத்து அடுக்கினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"எனக்கு இருக்கது அது ஒண்ணுதான்னு இல்லம்மா. ஆனா அது என்னோடது. நான் சொல்லணும், இல்ல நான் சொல்லாம இருக்கணும். அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

"உனக்காகத்தான்..."

"தெரியும். இனிமே மாத்திர நானே வாங்கிக்கிடுதேன். நீ பஸ் ஏற வேண்டாம்."

பஸ்ஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

யார் மேலாவது கோபப்பட வேண்டும். தேடுபொறி மேல் பட்டேன். காட்டிக் கொடுத்துவிட்டது, துரோகி, என் கண்ணீரை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டது என்று கொதித்தேன். அப்படித் தேடித் தேடித்தான், அந்த இலவசத்திலேயே தேடித்தான், இந்தக் காசுத் தேடுபொறியைக் கண்டுபிடித்தேன். சந்தா கட்ட கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபி வரும் என்றது. என் கைப்பேசி ஊமையாக இருந்தது. வாசலில் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்த என் கணவரின் சட்டைப்பைதான் கீச்சென்றது. என் சம்பளக் கணக்கைத் தொடங்கிய அன்று படிவத்தில் அவர் எண்ணைத்தான் எழுதியிருந்தோம். எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"ஏட்டி! என்னமோ வெளிநாட்டுக் கம்பெனிக்குன்னு வந்திருக்கு! நம்பர் சொல்லுதேன், போட்டுக்கோ!"

ஆறு எண்களையும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். என் அந்தரங்கத்தின் முதல் நாள் இப்படித்தான் விடிந்தது.

புதியது சுத்தமாக இருந்தது. கழுவிவிட்ட கூடம் மாதிரி. எதையும் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வராது, எதையும் வாங்கச் சொல்லாது. டிவியின் முகப்பிலும் வேறு ஐடி போட்டாயிற்று. ஆனால் என் தமிழ் அதற்கு விளங்கவில்லை. நான் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் எங்கோ ஒரு தேசத்துச் சாப்பாட்டுக் கடையைக் காட்டியது. தமிழ் எழுத்திலேயே கேட்டால் பழைய செய்தித்தாள் துணுக்கு இரண்டைக் காட்டிவிட்டுக் கையை விரித்தது. பழையதற்கு என் பிழைகூடப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதைப் பிறகுதான் யோசித்தேன். என்னைப் போல் மாடிப்படிக்கு அடியில் நின்றவர்கள் பயந்து பயந்து தட்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்துத்தான் அது நம் மொழியைப் படித்திருக்கிறது. என்னை நினைவில் வைத்திருப்பது எனக்குப் பதில் சொல்லும், காட்டியும் கொடுக்கும். காட்டிக் கொடுக்காதது என்னை யாரென்றே கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒன்றும் இல்லை.

சில மாதம் கழித்துக் கம்பெனிக்காரி ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வெயிலில் தலை வெடித்தது. பழைய மெடிக்கலில் போய்த் தலைவலி மாத்திரை கேட்டேன். கண்ணாடிச் சங்கிலிக்காரி அப்படியே இருந்தாள்.

"என்னக்கா, ஆளையே காணும்? புள்ள நல்லா இருக்காளா?"

"இருக்கா."

மாத்திரையை எடுக்காமல் நின்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. "ஒங்கள ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க, ஒங்களுக்குன்னு?"

அது இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளே சொன்னாள்.

"அவிய எங்க தெருதான்க்கா. வரன் பேச்சு வந்ததும் பொண்ணு பேரு, ஊரச் சொல்லி எங்கிட்ட விசாரிச்சாவ, மாசா மாசம் சீட்டுல பாத்த பேருல்லா. நான் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான், கடையில நிக்கவ அப்படிச் சொல்லலாமா? ஆனா நல்லபடியாத்தான் சொன்னேன். இன்ன மாதிரி, ஒரு மாசம் மாத்திர தவறுனதில்ல, அந்தத் தாய் வெயிலு மழையின்னு பாக்காம வாங்கிட்டுப் போவான்னு. அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? 'தெரிஞ்சு போச்சுல்லா, பொறவென்ன, போயிப் பாத்துட்டு வருவோம்'ன்னுருக்கான்."

"பொறவு?"

"அவன் அம்மாதான், 'நம்ம கேக்க வேண்டாம், அவியளே சொல்லுவாவ'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா. நீங்க சொல்லல. கேட்ட பொறவும் சொல்லல. புள்ளையும் சொல்லல. நோயிக்காக விடலக்கா அவிய. 'இதையே மறைக்காவளே, இன்னும் என்னென்ன இருக்கோ'ன்னுதான் விட்டாவ."

அவள் மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் நின்றேன். சீட்டை நீட்டியது என் கை. அவள் வாயில் அது நல்ல சொல்லாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் வாய்க்கு வந்தபோதுதான் கெட்டுப்போனது.

"தலவலி மாத்திர கேட்டீங்கல்ல, யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்."

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். நம்பாதவள் பார்க்கிற பார்வை. பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினேன். "எங்க போயிட்டு வாரீங்க?" என்று பக்கத்தில் ஒருத்தி கேட்டாள். கல்யாணத்துக்கு என்றேன். யார் கல்யாணம் என்றாள். சொன்னேன். இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மதியம், மாடிப்படிக்கு அடியில் நின்று, காசுத் தேடுபொறியில் நல்ல தமிழில் தட்டினேன். பெற்ற மகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது. அடுத்த நாளும் தட்டினேன். வார்த்தைகளை மாற்றி மாற்றி, ஒரு மாதம் தட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது என்னை முதன்முதலாகப் பார்ப்பது போல் பார்த்தது. சொன்னபடி எதையும் நினைவில் வைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கு என் மகள் வந்தாள். மாத்திரை டப்பாவை மேஜை மேல் எல்லாரும் பார்க்க வைத்தாள். அப்பாவோடு பேசினாள். என்னோடு கரும்பு பற்றியும் மாவு பற்றியும் பேசினாள். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதை அவளே சொன்னாள், பஸ் நேரம் சொல்வதுபோல. அதைப் பற்றி நானும் ஒன்றும் கேட்கவில்லை. மெடிக்கல்காரி சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் என் தொண்டைவரை வந்து, செத்த பொறு என்று எனக்கே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

மறுநாள் காலை அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்து டிவியைப் போட்டாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முகப்பு விரிந்தது. அவள் அப்பா பார்க்கிற கிரிக்கெட், ஏதோ சமையல், யாரோ ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார். பழையதாக இருந்தால், பழைய ஐடியாக இருந்தால், நான் ஒரு மாதம் தட்டியதை எல்லாம் அது வரிசையாக அவள் முன் அடுக்கிவைத்திருக்கும், மஞ்சளும் சிவப்புமாக, சுவரொட்டி எழுத்தில். மகளிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி. அவள் படித்திருப்பாள். திரும்பி என்னைப் பார்த்திருப்பாள். யாருக்கும்மா என்று கேட்டிருப்பாள்.

அவள் இரண்டு வரிசை தள்ளிப் பார்த்தாள். பார்க்க எதுவும் இல்லை போல. அணைத்துவிட்டு எழுந்து மாத்திரை போடத் தண்ணீர் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது.